ஊரெல்லாம் ஒட்டிய முகம்

முதல் சுவரொட்டியில் அப்பாவின் நெற்றி மட்டும்தான் உரிந்து வந்தது. பெயின்டரிடம் இரவல் வாங்கிய, சுவருக்குப் பட்டி பூசும் தகட்டைச் சாய்த்துப் பிடித்து மகள் மறுபடியும் சுரண்டினாள். காகிதம் நார் நாராகக் கிழிந்ததே தவிர, புருவமும் கண்ணும் சுவரை விட்டு அசையவில்லை. தண்ணீர் வாளியோடு பக்கத்தில் நின்ற மாமா, "உங்கப்பா பசை காய்ச்சினாரா, சிமெண்டு குழைச்சாரா?" என்றார். சொன்ன பிறகு, இன்றைக்குச் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டவர் போல வாளியைக் கீழே வைத்தார்.

அப்பாவை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சாயந்திரம் வண்டி வரும். வீட்டிலிருந்து மயானத்துக்கு ஒரே வழிதான். கடைத்தெரு, பள்ளிக்கூட மதில், பஸ் நிலையம், கடைசியாகக் கலைவிழா நடக்கும் அரங்கு. அந்த வழி நெடுக அப்பா சிரித்துக்கொண்டு நின்றார். காலையில் அம்மா மகளைச் சமையலறைக்குள் கூப்பிட்டுச் சொன்னது அதைப் பற்றித்தான்.

"அவரை முன்னால படுக்க வெச்சுக்கிட்டு, சுவத்துக்குச் சுவர் அவர் சிரிக்கிறதைப் பார்த்துக்கிட்டு என்னால போக முடியாதும்மா. எடுத்துடு."

அம்மா யாரிடமும் எதையும் கேட்கிறவள் இல்லை. மகள் உடனே மாமாவின் ஸ்கூட்டரில் ஏறிவிட்டாள்.

அப்பா குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் அளவெடுத்து ஓய்வு பெற்றவர். பணிக்காலமெல்லாம் வீடு வீடாகக் கதவு தட்டியதில் சேர்ந்த கதைகளை, தனியாளாக மேடையில் நின்று ஒரு மணி நேரம் சொல்வதுதான் அவருடைய நிகழ்ச்சி. பெயர், 'மீட்டர் பார்க்க வந்திருக்கேன்'. போன வருஷக் கலைவிழாவில் முதல் தடவை போட்டபோது வந்தவர்களைவிடக் காலி நாற்காலிகளுக்குத்தான் அதிகம் வணக்கம் சொன்னார். முந்தின நாளிலிருந்தே பெய்த மழையில் சுவரொட்டிகள் உரிந்து சாக்கடையில் மிதந்ததுதான் அதற்குக் காரணம் என்று முடிவு கட்டினார். நிகழ்ச்சியில் குறை இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஆகவே இந்த வருஷம் மைதாப் பசையில், தச்சர்கள் கட்டிலுக்கும் அலமாரிக்கும் போடுகிற பசையையும் தாராளமாக ஊற்றிக் கலக்கினார்.

"மேனேஜர், இனிமே எந்த மழைக்கும் சுவர்தான் விழும். நான் விழமாட்டேன்."

மேனேஜர் என்றால் மகள். விளம்பர வேலை முழுவதும் அவளுடையது. சுவரொட்டிப் படத்தையும் அவள்தான் எடுத்தாள். மொட்டைமாடிச் சுவரில் அப்பாவைச் சாய்த்து நிறுத்தி, சும்மா சிரிக்கச் சொன்னாள். அவருக்குச் சும்மா சிரிக்க வரவில்லை. மீட்டர் பார்க்கப் போன வீட்டு கேட்டைத் திறக்கும்போது எப்படி இருப்பீங்களோ அப்படி நில்லுங்க என்றதும் அந்த முகம் தானாக வந்துவிட்டது. வாய் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தது. ஒரு புருவம் மேலேறி, கண் நாயைத் தேடியது. விடிவதற்குள் இருவரும் ஏணியும் வாளியுமாகக் கிளம்பி ஒட்டிவிட்டு வந்தார்கள். ஒவ்வொரு சுவரிலும் ஒட்டி முடித்ததும் அவர் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று, வழிப்போக்கன் போலத் தற்செயலாகத் திரும்பிப் பார்ப்பார். "யாரும்மா இந்த ஆளு? நல்லா இருப்பான் போலிருக்கே" என்பார்.

ஒத்திகை சமையலறையில்தான். அம்மா பாத்திரம் கழுவுவாள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று அப்பா பேசுவார். அம்மா சிரித்து யாரும் பார்த்ததில்லை. "இதுக்கு யார் சிரிப்பா?" என்று அவள் கேட்டால் அந்தக் கதை அன்றோடு போயிற்று, அப்பா எதிர்த்துப் பேசமாட்டார். கேட்பதற்காக அவள் குழாயை மூடினால் அந்தக் கதை தேறிவிட்டதாக அர்த்தம். தலையில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட வாசலுக்கு வந்து, "நாங்க தண்ணியே புழங்கறதில்லையே" என்ற அம்மாளின் கதைக்குக் குழாய் மூடியது. நாய் சும்மா இருக்க வீட்டுக்காரர் குரைத்த கதைக்கும் மூடியது.

நேற்று சாயந்திரம் கடைசி ஒத்திகை. வெயிலில் அலைந்த மீட்டர்காரர் யாரோ ஒருவருடைய வீட்டுப் படியில் உட்கார்ந்து கண்ணயர்ந்துவிடுகிற இடம் வந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து தலையைத் தொங்கவிட்டார். மகள் கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். அம்மா குழாயை மூடிவிட்டுக் காத்திருந்தாள்.

"இந்த இடம் இழுக்குது. எழுந்திரிங்க" என்றாள் திரும்பாமலேயே.

இன்னொரு தடவையும் சொன்னாள். பிறகு சொல்லவில்லை.

கடைத்தெருவை முடிப்பதற்குள் மகளின் விரல் முட்டிகள் உரிந்துவிட்டன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இந்தக் கணக்கில் போனால் பஸ் நிலையத்தைக்கூடத் தாண்ட முடியாது என்று மாமா சொல்லிவிட்டு, கடையில் போய்க் கறுப்பு பெயின்ட் டப்பாவோடு வந்தார். அவள் மூடியைத் திறக்கவிடவில்லை.

"அப்பா மூஞ்சில கறுப்பு வேண்டாம் மாமா."

அவர் மறுபேச்சில்லாமல் அதைத் திருப்பிக் கொடுத்து வெள்ளைச் சுண்ணாம்பு வாங்கி வந்தார். பள்ளிக்கூட மதிலிலும் பஸ் நிலையத்திலும் அதைத்தான் அடித்தார்கள். அடித்தவுடன் முகம் மறைந்தது; காயக் காயப் புருவம் மட்டும் மெல்ல வெளியே வந்தது. "எங்கே போனாலும் விடமாட்டேங்கிறாரே மச்சான்" என்று மாமா முனகினார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நெடுநேரம் துடைத்தார்.

அரங்கின் வெளிச்சுவரில் இருந்ததுதான் பெரியது. ரத்து என்று அதன்மேல் சீட்டு ஒட்டிவிடுவதாக விழா அலுவலகத்தில் காலையில் சொல்லியிருந்தார்கள், இன்னும் ஒட்டவில்லை. ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிய ஒருவரும் அவர் மனைவியும் அதன் முன்னால் நின்றார்கள். கீழே அப்பா சின்ன எழுத்தில் போடச் சொன்ன வரியை, 'நாய் வளர்ப்பவர்களுக்கு முன்வரிசை கிடையாது' என்பதை, கணவர் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினார். அந்தம்மாள் சிரித்தார். திரும்பியபோது மகளின் கையிலிருந்த தகடு அந்தம்மாள் கண்ணில் பட்டது.

"ஏம்மா, அதைப் போய்க் கிழிக்கப் போறியா? சாயந்திரம் நாங்க வரணும். போன வருஷம் மழைக்கு ஒதுங்கத்தான் உள்ள போனோம். அதுக்கப்புறம் வாரக்கணக்கா இவர் வீட்ல எல்லாத்தையும் நடிச்சுக் காட்டி உயிரை வாங்கிட்டார். இந்த வருஷம் என் மாமியாருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருக்கோம்."

மாமா தொண்டையைக் கனைத்தார். மகள் முந்திக்கொண்டாள்.

"அவர் நேத்து சாயந்திரம் தவறிட்டாருங்க. நான் அவர் பொண்ணு."

அந்தம்மாள் கணவரின் முழங்கையைப் பற்றிக்கொண்டார். அவர் சுவரைப் பார்த்தார், பிறகு இவளை. என்ன கேட்பது என்று தேடிக் கடைசியில், "ஒத்திகையெல்லாம் முடிஞ்சிருந்ததாம்மா?" என்றார்.

"கொஞ்சந்தான் பாக்கிங்க."

அவர் தலையசைத்தார். வண்டியைக் கிளப்பாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனார். அந்தம்மாள் கூடவே நடந்தார்.

நேரமாகிறது, சுரண்டு என்றார் மாமா. அவள் தகட்டை வாளிக்குள் போட்டாள்.

"இது இருக்கட்டும் மாமா."

"அக்கா என்னைத்தான் கேக்கும்."

"நான் பதில் சொல்லிக்கிறேன்."

வண்டியில் அப்பாவின் தலைமாட்டில் அம்மா உட்கார்ந்தாள். மகள் வேண்டுமென்றே ஜன்னலை ஒட்டி இடம் பிடித்தாள். மாமா டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கடைத்தெரு போயிற்று, பள்ளிக்கூட மதில் போயிற்று. அம்மா குனிந்த தலை நிமிரவில்லை. அரங்கு நெருங்கியபோது மகள் முன்னால் நகர்ந்து ஜன்னலைத் தன் தோளால் அடைத்தாள்.

அந்தத் தோளின் மேல் ஒரு கை விழுந்தது. கை அவளை அழுத்தவில்லை. கதவைத் திறப்பது போல ஒருபக்கமாக ஒதுக்கியது. அம்மா வெளியே பார்த்தாள்.

"டிரைவர் தம்பியைக் கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லு" என்றாள்.

வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்தது. பின்னால் வந்த டவுன் பஸ் ஒரு தடவை ஹாரன் அடித்தது. பிறகு அதுவும் அதே வேகத்தில் பின்னாலேயே வந்தது.