பெனுவா வீட்டில் விழுந்த நொடிகள்

லூசியன் பெனுவா தன் மெல்லிய கடிகாரத்திலிருந்து நொடிமுள்ளை எடுத்துப் போட்டபின், அந்த நொடிகளெல்லாம் அவர் வீட்டு அடுப்பு மூலையில் விழ ஆரம்பித்தன. கையிலிருந்து ரவை உதிர்வது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாது, துடைப்பத்துக்கும் சிக்காது. சுவிட்சர்லாந்தின் கடிகார ஊரான எங்கள் லெ லோக்கிளில் அது உருளைக்கிழங்கு நன்றாக விளைந்த வருடம்.

ஜப்பான்காரர்கள் தட்டையான குவார்ட்ஸ் கடிகாரங்களைச் சந்தைக்கு அனுப்ப, எங்கள் ஊர்ப் பட்டறைகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்துக்கொண்டிருந்த சமயம். பெனுவாவின் முதலாளி ஜாக்கோ, இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே ஒன்று செய்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார். ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்த மின்கலத்தையும் கம்பிச்சுருளையும் பெனுவா பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்தார். பாகங்களைத் தாங்கும் அடித்தகட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, கடிகாரத்தின் முதுகிலேயே எல்லாவற்றையும் பொருத்தினார். அப்போதும் ஒரு மயிரிழை இடித்தது. அது நொடிமுள்ளின் உயரம். வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் விரித்து, எங்கள் வரைவாளர்கள் தப்பான மைக்கோட்டை அழிக்கும் வழக்கப்படி சவர பிளேடால் அந்த முள்ளைச் சுரண்டி எடுத்தார். தூளை ஊதினார். அது பறந்து அடுப்பு மூலையில் விழுந்தது. அங்கே அவர் மனைவி நெலி சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நெலிக்கு நுரையீரலில் நோய். முதல் பனியைப் பார்க்க மாட்டாள் என்று டாக்டர் கைவிரித்திருந்தார். அந்த வரைபடத்தின்படி செய்த மாதிரிக் கடிகாரம் ஓடத் தொடங்கியதும் அந்த மூலையில் நேரம் மிஞ்ச ஆரம்பித்தது. அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் அவள் ஒரு கூடைக் கிழங்கை உரித்து முடித்துவிடுவாள். பனி விழுந்தது, உருகியது, மறுபடி விழுந்தது. டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நோய் அப்படியேதாம்மா இருக்கு. மேல போகத்தான் மாட்டேங்குது," என்றார்.

"அதுவும் என்னைப் பாத்துச் சோம்பேறி ஆயிடுச்சு போல," என்றாள் நெலி.

வசந்தத்தில் ஜாக்கோ அந்த மாதிரிக் கடிகாரத்தை பாசல் நகரத்துக் கடிகாரக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். வாரை இறுக்கிக் கட்டினால் கடிகாரத்தின் முதுகு வளையும், சக்கரங்கள் உரசி நின்றுவிடும் என்று பெனுவா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் எங்கள் ஊரில் கடிகாரத்தைத் தளர்த்திக் கட்டுகிறவன் குடிகாரன் என்று அர்த்தம்; பெண் கொடுக்க மாட்டார்கள். ஜாக்கோ வழக்கம்போல் தோலில் தடம் பதிய இறுக்கிக்கொண்டார். அன்று காலை அடுப்பு மூலையில் ரவைச் சத்தம் நின்றது. பால் சட்டென்று பொங்கி வழிந்தது. நெலிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

பெனுவா ரயிலேறினார். வழியெல்லாம் அழுதுகொண்டே போனார் என்று ரயில்காரர்கள் பிறகு சொன்னார்கள். கண்காட்சிக் கூடத்தில் வியாபாரிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் முதலாளியின் கையைப் பிடித்தார்.

"யோவ், என்னய்யா பண்றே! நாலு பேர் பாக்குறாங்க!"

"வாரை ஒரு ஓட்டை தளத்துங்க, முசியே ஜாக்கோ. அங்க நெலிக்கு மூச்சு நிக்கப் போகுது. அப்புறம் என்ன வேணா திட்டிக்கோங்க."

ஜாக்கோ தன் மணிக்கட்டைப் பார்த்தார். முட்கள் காலையிலேயே நின்றுபோயிருந்தன. வேறு ஊர்க்காரனாக இருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பான். இவர் வாரைக் கழற்றினார். முதுகு நிமிர்ந்தது, கடிகாரம் ஓடியது.

"எடுத்துட்டுப் போய் அவ கையிலயே கட்டுய்யா. இங்க வர்றவன் பூரா இறுக்கித்தான் பாப்பான். எனக்கு முதுகு கெட்டியா இன்னொண்ணு செஞ்சு குடு."

அந்த இன்னொன்றுதான் பிறகு கடைகளில் விற்றது. கொஞ்சம் தடிமன் கூட, நொடிமுள் உண்டு.

மெலிந்துபோன நெலியின் கையில் எந்த ஓட்டையில் மாட்டினாலும் வார் தளர்வாகத்தான் நின்றது. மின்கலம் மாற்றும்போது மட்டும் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். நோய் சலித்துப்போய் எப்போது கிளம்பியது என்று யாருக்கும் தெரியாது. கையில் சதை பிடித்தது, வாரை ஓட்டை ஓட்டையாகத் தளர்த்திக்கொண்டே வந்தாள். பெனுவாவுக்கு எங்களைப் போலவே வயதானது. மூலையில் இருந்தவள் அப்படியே இருந்தாள். விடுதியில் பரிமாறுகிற பெண், "பெரியவரே, உங்க மகளுக்கும் காப்பியா?" என்று கேட்பாள். "மகளா? இத்தனை வருஷமா என்னை அதட்டுறா, பாத்தா தெரியலையா?" என்பார்.

"இங்க வந்து பக்கத்துல உக்காருய்யா, இடமா இல்ல?" என்று நெலி தினமும் கூப்பிடுவாள்.

"ரெண்டு பேர் பங்கு போட்டா உனக்குக் குறைஞ்சிடும்," என்று அவர் மேசையிலேயே சாப்பிடுவார். ஒருநாள்கூட அந்த மூலையில் உட்காரவில்லை, பாவி மனுஷன்.

அவர் போனபோது, நரைக்காத தலையோடு நெலி சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்து அடுப்பில் பாலை வைத்தாள். அது பொங்குவதாக இல்லை. ரவைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தவள், "போதும்," என்று சொல்லி, எங்கள் ஊர் வழக்கப்படி வாரைத் தடம் பதிய இறுக்கிக் கட்டினாள். முட்கள் நின்றன. பால் பொங்கியது. இறக்கிவைத்தாள்.

இலையுதிர் காலத்தில் ரொட்டிக் கடைக்கு வந்த நெலியின் நெற்றியோரத்தில் ஒரு நரைமுடி தெரிந்தது. கடைக்காரி அதைப் பார்த்தாள், ரொட்டியைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள்.