மிஷினுக்குப் போட்ட பச்சைக் கட்டை

அனுசியா விருது வாங்கும் படத்தை எனக்கு முதலில் காட்டியது, எங்கள் கரிமூட்டத்தை மூடச் சொல்லி வந்த அதிகாரிதான். செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். பட்டுச்சேலை கட்டி, கையில் கேடயத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பெரிய திரையில் ஒரு மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. அது எங்கள் மூட்டம். ஓரத்தில் கிடந்த பிடி உடைந்த மண்வெட்டிகூட எங்களுடையதுதான்.

"இந்தம்மா ஆராய்ச்சிய வச்சுத்தான் உத்தரவு போட்டிருக்காங்க. மூட்டத்துப் புகையில பூமியச் சூடாக்குற வாயு எக்கச்சக்கமா வருதாம். வெளிநாட்டுல எல்லாம் இவங்க சொன்ன கணக்கத்தான் எடுத்துப் பேசுறாங்க. இனிமே இந்தப் பக்கம் யாரும் மூட்டம் போடக்கூடாது. இவங்க உங்க பக்கத்து ஆளாமே?"

"எங்க அண்ணன் மகள்" என்றேன். வாய்ப்பழக்கம், என்ன செய்ய. ரெட்டியபட்டிக்குப் போகும் ஷேர் ஆட்டோவில், ரேசன் கடையில், அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் என்று யார் அகப்பட்டாலும் அந்தப் பெருமையை அளந்தவள் நான். பருத்தி எடுக்கப் போன என் அண்ணன் பெற்ற பிள்ளை, காற்றைப் படிக்கிற விஞ்ஞானி என்றால் சும்மாவா?

எங்கள் காட்டில் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் சீமைக்கருவேலம் மட்டும் வளரும். அதை வெட்டி, காயவைத்து, கோபுரமாக அடுக்கி, மேலே புல்லும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீயை விட்டுப் புழுங்க வைத்தால் கரி. கல்யாணமானதிலிருந்து நானும் என் வீட்டுக்காரர் சோலைச்சாமியும் பார்க்கிற வேலை அதுதான். எங்களுக்கு வேறு பிழைப்பு தெரியாது.

சில கோடைகளுக்கு முன் அனுசியா ஒரு மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூட்டத்தில் புகை போக விடுகிற ஓட்டையான புகைக்கண்ணில் குழாயைச் செருகி அளக்க வேண்டும் என்றாள்.

"இதனால எங்களுக்கு எதுவும் வில்லங்கம் வருமாத்தா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வராது அத்தை. படிப்புக்குத்தான். நான் இருக்கேன்ல?"

அந்த 'நான் இருக்கேன்ல' போதுமானதாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நம்பினோம். முதல் தீயைக்கூட அவள் கையில் கொடுத்தார் என் வீட்டுக்காரர். கைராசி உள்ளவர்கள்தான் மூட்டத்துக்குத் தீ வைப்பது வழக்கம். நான் தீ வைத்த ஒரு மூட்டம் சரிந்துபோனதால், அப்புறம் எனக்குத் தீப்பெட்டியைக் கண்ணில் காட்டாத மனுசர் அவர்.

அந்த முதல் மூட்டத்தில் மிஷினில் நம்பர் பெரிதாக ஏறவில்லை. பிள்ளை முகம் வாடிவிட்டது. என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. பால் சொசைட்டியில் மிஷின் நம்பர் ஏறினால் நல்ல பால், இறங்கினால் தண்ணீர்ப்பால். அவருக்குத் தெரிந்த மிஷின் அது ஒன்றுதான்.

"பிள்ள மார்க்கு கொறஞ்சு போச்சு போல வெள்ளைத்தாயி" என்றார் என்னிடம்.

அடுத்த மூட்டம் அடுக்கும்போது, அவள் வருவதற்கு முன்பே, அன்று வெட்டிய பச்சைக் கட்டையாகப் பொறுக்கி உள்ளே வைத்தோம். புகைக்கண்களையும் அகலமாகத் திறந்துவிட்டோம். புகை மண்டிக்கொண்டு வந்தது. நம்பர் ஏற ஏற அனுசியா கைதட்டினாள். "சூப்பர் மாமா! இப்படித்தான் வரும்னு நெனச்சேன்!" அதன்பிறகு அவள் அளந்த மூட்டமெல்லாம் பச்சைக் கட்டைதான். பிரித்துப் பார்த்தால் பாதி வேகாமல் கிடக்கும், கரி தேறாது. போகட்டும், பிள்ளை ஜெயிக்கட்டும் என்று இருந்தோம்.

பிள்ளை ஜெயித்துவிட்டது. எங்கள் வாயில் மண்.

உத்தரவு வந்தபின் நான் போன் போட்டால் அனுசியா எடுக்கவில்லை. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வந்தவள், அருப்புக்கோட்டையில் வாங்கிய மிட்டாய்ப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாள். தண்ணீர்ச் செம்பை மட்டும் எடுத்து நீட்டினேன்.

"கோவமா அத்தை?"

"இல்ல, குளுகுளுன்னு இருக்கு. ஒண்ணும் வராதுன்னு சொன்னயேடி!"

"நான் தடை போடச் சொல்லல அத்தை. நான் உள்ளத அளந்து எழுதுனேன். அவங்களா முடிவு எடுத்தா நான் என்ன செய்ய?"

உள்ளதையாம். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "என்னத்தடி உள்ளது? உன் மொகம் வாடக்கூடாதுன்னு பச்சைக் கட்டையாப் பொறுக்கிப் பொறுக்கி வச்சோமே, அந்தப் பொகைதானடி உனக்குக் கேடயம் வாங்கிக் குடுத்துச்சு!"

அவள் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு அப்படியே நின்றது. என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் பாவம்போலத் தலையை ஆட்டினார்.

"எல்லாத்துலயுமா மாமா?"

"மொதல்ல ஒண்ணத் தவுத்து எல்லாத்துலயும் தாயி. நீ சந்தோசப்பட்டயே."

அவள் உட்கார்ந்துவிட்டாள். எனக்கே ஒரு நொடி மனசு இளகியது. இப்போது எழுந்து போன் போடுவாள், கணக்கு தப்பு என்று சொல்லுவாள், தடை போய்விடும் என்று நினைத்தேன். அவ்வளவு படித்தவளுக்கு அது ஒரு வேலையா?

வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள். "அத்தை, இத வெளிய யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

"அப்ப எங்க மூட்டம்?"

"அது முடிஞ்சு போச்சு அத்தை. மாமாவுக்கு டவுன்ல வாட்ச்மேன் வேலை ஏதாவது பாத்துச் சொல்றேன்."

அந்தத் தடை வந்த அன்றுகூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. அன்று அவள் தெரியாமல் செய்தாள். இன்று தெரிந்தே செய்கிறாள். என் வீட்டுக்காரரோ, "சரித்தா, சொல்லல" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தார். அவரையும் அந்த இடத்திலேயே எனக்குப் பிடிக்காமல் போனது.

திங்கட்கிழமை காலையில் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். விருதுநகரில் கலெக்டருக்கு மனுக் கொடுக்கிற நாள் அது.

"எங்க போற?" என்றார்.

"நம்பர ஏத்திவிட்டது நாம. அத எறக்கப் போறேன்."

"பிள்ள பேரு கெட்டுருமேடி."

"வாக்குக் குடுத்தது நீரு. நான் இல்ல."

பஸ்ஸில் உட்கார்ந்தது முதல் எனக்கு நானே பேசிக்கொண்டு போனேன். வழியெல்லாம் சீமைக்கருவேலம், வெட்ட ஆளில்லாமல் ரோட்டுவரைக்கும் வந்துவிட்டது. ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் வெள்ளைத்தாளை எடுத்து வைத்து, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லும்மா. யாரு மேல புகாரு?"

பேரைச் சொல்லத்தான் நினைத்தேன். பாழாய்ப்போன வாய், பழகியதைத்தான் சொன்னது.

"எங்க அண்ணன் மகள் மேல."