நான்காம் அடிக்குறிப்பு

ஐலி கொண்டுவந்த பிஸ்கட் டப்பாவின் மூடி திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. வெர்னா ஒரு கரண்டியை எடுத்துக் கொடுத்தாள். ஐலி அதன் காம்பால் சுற்றிலும் நெம்பித் திறந்து, உள்ளே இருந்த கல்யாணப் போட்டோவையும் ஒரு ஜோடிக் கையுறையையும் ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து நான்காக மடித்த மூன்று தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கார்பன் வைத்து டைப் அடித்த தாள்கள். மடிப்பில் கிழிந்த இடங்களில் டேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுத்துப் போயிருந்தது.

"ரெண்டாம் பக்கம். கீழ பாரு."

வெர்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். 1956 பிப்ரவரியில் நடந்த மரண விசாரணை. அரோரா நடன மண்டபத்தின் முதலாளி கார்ல் நிஸ்ட்ராம் தன் வாயால் சொன்ன சாட்சியம் அது. டிக்கெட் வாங்காமல் ஆட்கள் உள்ளே புகுந்துவிடுகிறார்கள் என்று பின்கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியது நான்தான். சாவி என் கோட்டுப் பையில் இருந்தது. காவலாளி ரெய்னோ டெர்வோவுக்கு அன்று காய்ச்சல், ஆறு மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். தீ பிடித்த பிறகு அவர் எதிர்வீட்டிலிருந்து கோடரியோடு ஓடி வந்து கதவை வெட்டினார்.

"அந்தத் தீயில கை வெந்துபோய், அப்பாவுக்கு அதுக்கப்புறம் சட்டைப் பொத்தான் போட வராது. நான்தான் போட்டு விடுவேன். ஆறு வயசு எனக்கு" என்றாள் ஐலி. "ஜூன்ல அந்த எடத்துல மாவட்டத்துக்காரங்க பலகை வைக்கிறாங்களாம். என்ன எழுதப் போறீங்கன்னு போய்க் கேட்டேன். இணையத்துல கலைக்களஞ்சியத்துல இருக்கறதத்தான் எழுதுவோம், அதுலதான் வரிக்கு வரி ஆதாரம் இருக்குன்னாங்க. அதுல என்ன போட்டிருக்குன்னு உனக்குத் தெரியும்தானே? காவலாளி ரெய்னோ டெர்வோ பின்கதவைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார், பத்தொன்பது பேர் வெளியேற முடியாமல் இறந்தனர். எங்கப்பன் பேரு கல்லாட்டம் நிக்கப் போவுது, ஊருக்கு நடுவுல."

வெர்னா காப்பி ஊற்றினாள்.

"லைப்ரரில சொன்னாங்க, நீதான் அதுல பெரிய ஆளாமே. மாத்திடு வெர்னா. ஒரு வரிதானே."

"மாத்திடலாம் ஐலி. இதுக்குப் போய் கவலப்படாதீங்க" என்றாள் வெர்னா. அப்படிச் சொன்னதை நினைத்துப் பிற்பாடு அவள் நாக்கைக் கடித்துக்கொண்ட நாட்கள் பல.

மாவட்ட நூலகத்தில் முப்பத்தொரு வருஷம் அட்டவணை எழுதியவள் வெர்னா. ஓய்வு நெருங்கிய நாளில் இந்தக் கலைக்களஞ்சியத்தில் போய் விழுந்தாள், பிறகு எழவே இல்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்து போட்ட இடம் அது. திறந்த வீட்டில் என்னென்ன நுழையும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் அங்கே ஒரே சட்டம்தான்: ஒவ்வொரு வரியின் வாலிலும் சின்னதாக ஒரு எண் வேண்டும். அந்த எண்ணைத் தொட்டால் பக்கத்தின் அடியில் ஆதாரம் இருக்க வேண்டும், அச்சில் வந்த ஆதாரம். எழுதியவர், தலைப்பு, நாள், பக்கம், பக்கம் அழிந்து போனாலும் கிடைக்கும்படி எடுத்து வைத்த நகல். இதில் வெர்னாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு அவள் எழுதி வைத்த பாடத்தை ஆயிரக்கணக்கானவர்கள் படித்திருக்கிறார்கள். அதன் முதல் வரி: 'உங்களுக்குத் தெரியும் என்பது ஆதாரம் ஆகாது.' தங்கள் தாத்தாவைப் பற்றி, தங்கள் ஊர்த் தேவாலயத்தைப் பற்றி ஆசை ஆசையாய் எழுதிவிட்டுப் போனவர்களின் வரிகளை அவள் களை பிடுங்குவதுபோலப் பிடுங்கி எறிந்திருக்கிறாள். அழுது கடிதம் எழுதியவர்களும் உண்டு. இரக்கப்பட்டதில்லை.

ஐலி போனதும் கணினியைத் திறந்தாள். வெளியே ஏப்ரல் பனி அழுக்காய் உருகிக்கொண்டிருந்தது. அந்த வரியின் வாலில் மூன்று என்ற எண். மூன்றாம் அடிக்குறிப்பு, 2016 ஜனவரியில் நகரத்துப் பத்திரிகையில் வந்த அறுபதாம் ஆண்டுக் கட்டுரை. எழுதியவர் பிரியானா கோல். சரி, இந்த அம்மாள் எங்கிருந்து எடுத்தாள் என்று பார்ப்போம் என நினைத்தவள், அதற்கு முன்னால் இந்த வரி எப்போது வந்தது என்று பக்கத்தின் வரலாற்றைப் புரட்டினாள். ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எந்த நாள், எந்த நிமிஷத்தில் செய்தார்கள் என்று அங்கே அழியாமல் இருக்கும். 2022, 2019, 2016 என்று கீழே இறங்கிக்கொண்டே போனாள். 2010-இல் யாரோ அந்த வரிக்குப் பின்னால் 'சான்று தேவை' என்று ஒட்டியிருந்தார்கள். வரி பிறந்தது 2009 நவம்பர், நன்றி நவில் விருந்துக்கு மறுநாள். எழுதியவர் பெயர் வெர்னா.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

எல்லாம் ஞாபகம் வந்தது. மறந்திருந்தாள் என்று சொல்ல முடியாது, மறந்திருப்பது வசதியாக இருந்தது, அவ்வளவுதான். கலைக்களஞ்சியத்தில் சேர்ந்த முதல் வாரம். விருந்து மேஜையில் மாமனார் ஹார்வி வான்கோழியை அறுத்தபடி, "அந்த டெர்வோதான் கதவப் பூட்டிட்டுக் குடிக்கப் போயிட்டான்" என்றார். நிஸ்ட்ராம் முதலாளி அவருக்குச் சித்தப்பா மகன் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. ஊருக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்துவிட்ட பூரிப்பில் மறுநாளே ஏற்றிவிட்டாள். குடிக்கப் போனதை மட்டும், மரியாதைக்காக, விட்டுவிட்டாள். பிறகு சட்டதிட்டம் கற்றுத் தேறியபோது அந்த 'சான்று தேவை' அவள் காலில் தைத்த முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. எடுத்திருக்கலாம், ஒரு நிமிஷ வேலை. ஊரார் வரியை எல்லாம் பிடுங்கியவளுக்குத் தன் வரியைப் பிடுங்கக் கை வரவில்லை. ஆறு வருஷம் கழித்து நகரத்துப் பத்திரிகையில் அதே செய்தியைப் பார்த்ததும் என்ன சந்தோஷம்! அன்றைக்கே முள்ளைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் மூன்றாம் எண்ணைப் பதித்தாள். பக்க எண், நாள், நகல் எல்லாம் பிசகாமல்.

பிரியானா கோல் இப்போது பத்திரிகையில் இல்லை, சிகாகோவில் ஏதோ விளம்பர நிறுவனத்தில் இருந்தாள். மூன்று நாள் துரத்திப் போனில் பிடித்தாள் வெர்னா.

"அந்தக் காவலாளி விஷயமா? ஐயோ, நெனவில்லயேங்க. ஒரு மத்தியானத்துல எழுதுனது."

"எங்கேருந்து எடுத்தீங்க? யாரயாச்சும் கேட்டீங்களா?"

"கலைக்களஞ்சியத்துலேருந்துதான் இருக்கும். எல்லாரும் அங்கதானங்க போறாங்க."

"அங்க 'சான்று தேவை'ன்னு போட்டிருந்துச்சேம்மா!"

"அதெல்லாம் யாருங்க பாக்குறா?" என்று சிரித்தாள் பிரியானா. "ஆனா இத நான் எழுதித் தர மாட்டேன். காப்பியடிச்சேன்னு என் வாயால நானே சொல்றதா? எனக்கும் பொழப்பு இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க."

பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதினாள். ஏழு வருஷத்துக்கு முந்தைய கட்டுரையைத் திருத்த வேண்டுமானால் அச்சில் வந்த ஆதாரம் அனுப்புங்கள், நாங்கள் சரிபார்த்தவரையில் கலைக்களஞ்சியமும் இதையேதான் சொல்கிறது என்று மரியாதையாகப் பதில் வந்தது. விசாரணைத் தாளின் மூலப்பிரதி தேடி நீதிமன்றத்துக்குப் போனாள். கீழ்த்தளத்தில் வெள்ளம் புகுந்த வருஷம் எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் போட்டாயிற்று என்றார்கள். பலகைக் கமிட்டியின் தலைவி மார்வெல் ஸ்டோக் கார்பன் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "முத்திரை இல்ல, கையெழுத்தில்ல. பொண்ணே கொண்டுவந்து குடுத்திருக்கா. இத வச்சு நான் எப்படி எழுதுறது? மொதல்ல அங்க மாத்திட்டு வா, இங்க நான் மாத்தறேன்" என்றாள்.

அங்கே மாற்றினாள். அந்த வரியை நீக்கினாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது. மறுபடி நீக்கினாள், மறுபடி வந்தது. திருப்பி வைத்தது வேறு யாருமில்லை, கனடாவில் சாஸ்கடூனில் இருக்கும் டெஸ்மண்ட். எட்டு வருஷத்துக்கு முன் ஒன்றும் தெரியாமல் வந்தவனுக்கு அடிக்குறிப்பு போட ஒவ்வொரு படியாகச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். மினியாபொலிஸில் ஒரு கூட்டத்தில் அவளைப் பார்க்கத் தன் ஊர்ப் பழ ஜாம் ஒரு பாட்டில் சுமந்து வந்தவன்.

பக்கத்துக்குப் பின்னால், திருத்துகிறவர்கள் கூடி வாதாடும் பேச்சு மேடையில் வெர்னா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். இந்த வரியை எழுதியவள் நான். மாமனார் சொன்னதைக் கேட்டு எழுதினேன். பத்திரிகை என்னிடமிருந்து எடுத்தது, நான் பத்திரிகையை ஆதாரமாகக் காட்டினேன். பாம்பு தன் வாலைத் தானே விழுங்கியிருக்கிறது. இதை அழிக்க வேண்டும்.  பதினான்கு வருஷத்துப் பெயர் போகும், போகட்டும் என்றிருந்தாள். பெயர் போனால் வரியும் போகும் என்று நம்பினாள். பதில் எழுதாமல் டெஸ்மண்ட் போன் செய்தான்.

"வெர்னா, படிச்சேன். எனக்கே கஷ்டமாப் போச்சு. ஆனா பத்திரிகைக்காரி உங்ககிட்டேருந்துதான் எடுத்தாங்கறதுக்கு ஆதாரம்?"

"அவளே போன்ல சொன்னாப்பா."

"போன்ல சொன்னதயெல்லாம் எப்படி எடுத்துக்கறது?"

"தேதி இருக்குல்ல? நான் எழுதி ஆறு வருஷம் கழிச்சுத்தான அவ எழுதுறா!"

"நீங்க முன்னாடி எழுதுனீங்க, சரி. ஊருல நீங்க கேட்ட மாதிரி அவங்களும் யாருகிட்டயாவது கேட்டிருக்கலாமில்ல? அச்சுல வந்திருக்கு வெர்னா. அத எதுத்து அச்சுல எதுவும் இல்ல."

"டெஸ்மண்ட், அது பொய்யுடா. எனக்குத் தெரியும்."



"உங்களுக்குத் தெரியும்ங்கறது ஆதாரம் ஆகாது" என்றான். குத்திக் காட்டவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. "அதோட அந்தக் காவலாளியோட பொண்ணு உங்களுக்குத் தெரிஞ்சவங்க. வேண்டியவங்களுக்காக எழுதக் கூடாதுன்னு நீங்கதான் எத்தன பேர வெளிய அனுப்பியிருக்கீங்க. இன்னொரு தடவ நீக்குனீங்கன்னா உங்கள நிறுத்தி வச்சுடுவாங்க. வேணாம், ப்ளீஸ்."

அவள் இன்னொரு தடவை நீக்கினாள். ஒரு மாதம் நிறுத்தி வைத்தார்கள். பக்கத்தையும் ஒரு வாரம் பூட்டினார்கள்.

மே மாதக் கடைசியில், பலகைக்குப் பத்து நாள் இருக்கும்போது, வெர்னா ஐலியின் வீட்டுக்குப் போனாள். ஐலி ஏலக்காய் ரொட்டி சுட்டு வைத்திருந்தாள். நல்ல சேதி என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது, வெண்ணெயும் எடுத்து வெளியே வைத்திருந்தாள்.

"முடியல ஐலி" என்றாள் வெர்னா. உட்காராமலே சொன்னாள். "இன்னொண்ணும் சொல்லணும். அந்த வரிய மொதமொதல்ல எழுதுனது நான்தான். மாமனார் சொன்னாருன்னு எழுதிட்டேன். யாரயும் கேக்கல. எதிர்த்த தெருவுல நீங்க இருந்தீங்க, உங்களயும் கேக்கல."

ஐலி ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"நீ எழுதுனதா?"

"ஆமா."

"அப்போ நீயே சொன்னாப் போதாதா, அது பொய்யின்னு?"

"நான் சொன்னாப் போதாதாம்."

"எழுதுறப்ப மட்டும் நீ சொன்னது போதுமா இருந்துச்சா?"

  ஐலி மேஜையிலிருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள், பறித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்பதுபோல. "போ வெர்னா" என்றாள். "சத்தம் போடறதுக்குக்கூட எனக்குத் தெம்பில்ல. போயிடு."

ஜூன் பத்தாம் தேதி காலை பதினொரு மணிக்கு, அரோரா மண்டபம் இருந்த காலி மனையில் பலகையைத் திறந்தார்கள். பச்சை வண்ணம் அடித்த இரும்புப் பலகை, பொன்னிற எழுத்து. முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். கொசு பிடுங்கியது. மார்வெல் ஸ்டோக் துணியை இழுத்ததும் கைதட்டினார்கள். வெர்னா கடைசி வரிசையில் நின்றாள். இறந்த பத்தொன்பது பேரின் பெயர்கள் இடது பக்கம், நடந்த கதை வலது பக்கம். கதையில் ஊர்க்காரன் பெயர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முதலாளி நிஸ்ட்ராம் எங்கேயும் இல்லை. அவரைப் பற்றி யாரும் ஆதாரத்தோடு எழுதியிருக்கவில்லை.

சாம்பல் நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஐலி வந்தாள். அந்த வெயிலுக்குக் கோட்டு எதற்கென்று யாரும் கேட்கவில்லை. நேராக நடந்து போய்ப் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வலது பக்கத்தை மறைத்தபடி நின்றுவிட்டாள். போட்டோ எடுக்க வந்தவன் இரண்டு தடவை, "கொஞ்சம் தள்ளிக்குங்கம்மா, எழுத்து மறைக்குது" என்றான். அவள் அசையவில்லை. கூட்டத்தில் யாரோ, "டெர்வோ மக" என்று மெல்லச் சொன்னார்கள். மார்வெல் வந்து தோளைத் தொட்டு ஏதோ சொன்னாள். அதற்கும் நகரவில்லை. வெர்னா முன்னால் போய் அவள் பக்கத்தில் நிற்கலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தாள். ஐலி அவளைப் பார்த்த பார்வையில் அந்த அடியைத் திரும்பப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

நான்கு நாள் கழித்து, சாப்பிட்ட தட்டைக் கூடக் கழுவாமல், வெர்னா கணினி முன்னால் உட்கார்ந்தாள். எழுதத்தான் தடை, படிக்கத் தடையில்லை. அரோரா தீ விபத்துப் பக்கத்தில் புதிதாக ஒரு படம் ஏறியிருந்தது. போட்டோக்காரன் பக்கவாட்டில் போய் எடுத்திருக்கிறான். ஐலியின் சாம்பல் தோள் செத்துப்போன பத்தொன்பது பேரையும் மறைத்துவிட்டது. வலது பக்கக் கதை மட்டும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

படத்துக்குக் கீழே அந்த வரி. வரியின் வாலில் மூன்றுக்குப் பக்கத்தில் நான்கு என்று ஒரு எண் புதிதாக முளைத்திருந்தது. வெர்னா அதைத் தொட்டாள். மாவட்ட வரலாற்றுக் குழு, நினைவுப் பலகை, திறந்த நாள், இடம், எடுத்து வைத்த நகல். புதிதாகச் சேர்ந்த யாரோ ஒரு பெண் போட்டிருக்கிறாள். பாடத்தை நன்றாகப் படித்திருக்கிறாள், ஒரு காற்புள்ளிகூடப் பிசகவில்லை.