கட்டில் நுழையும் வாசல்

எதைப் பார்த்தாலும் கையை விட்டுக் கிளறுவாள் என்பதால் வீட்டில் அவளுக்கு நோண்டி என்று பெயர். அந்தப் பெயர் அலுவலகம் வரை ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மாடி அறை, இரண்டு மேசை, அக்கா, தங்கை, அவ்வளவுதான். கடைகளில் நிற்கும் பெரிய தொடுதிரைகளில் பொருளை விளக்கிக் காட்டும் டெமோ செய்வது இருவருக்கும் தொழில். அக்கா எழுதுவாள், நோண்டி படம் வரைந்து இயங்க வைப்பாள்.

இந்த முறை வந்தது, வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கான மோட்டார் கட்டில். டெமோவுக்குள் பார்க்கிறவர் எப்படி நகர்வது என்பதில் சண்டை தொடங்கியது. அக்காவுக்கு ‘அடுத்து’ என்ற பொத்தான் போதும். முதல் பக்கம் மோட்டார், கடைசிப் பக்கம் சக்கரம், எல்லாம் வரிசைப்படி.

“கதைய யாராச்சும் நடுவுலேர்ந்து கேப்பாங்களாடி?”

நோண்டிக்குக் கட்டிலின் படம் நடுவில் இருக்க வேண்டும். அங்கங்கே புள்ளிகள் மின்ன வேண்டும். தொட்ட புள்ளி திறக்க வேண்டும். “கை மொதல்ல எங்க போகும்னு எனக்குத் தெரிஞ்சாகணும்க்கா. தெரியலைன்னா தூக்கம் வராது.”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் மட்டும் இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். இப்படி இழுபறி செய்தே முந்தைய வேலை ஒன்று கைநழுவிப் போயிருந்தது. அக்காவுக்கு அலுத்துவிட்டது. வெளியூர் நிறுவனம் ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

“உன் புள்ளியையே கடையில வெச்சுப் பாப்போம். ஒருத்தராவது கடைசிவரைக்கும் பாத்து போன் நம்பர் குடுத்தா, நீ சொல்றபடி. இல்லைன்னா நான் அந்த வேலைக்குப் போயிடறேன். சண்டை போட்டே நமக்கு வயசாக வேணாம்.”

நோண்டி சிரித்துவைத்தாள். ஆனால் எதிர் மேசையில் அக்கா இல்லாத அறையை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கட்டில் கடையில் திரை ஒருநாள் முழுக்க நின்றது. சாயங்காலம் இருவரும் போனபோது மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். “நெறைய பேரு வந்தாங்கம்மா. தட்டித் தட்டிப் பாத்தாங்க, போயிட்டாங்க. நம்பர் யாரும் குடுக்கல.”

நோண்டியின் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா ஜெயித்த மாதிரி ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூடத் தேவலை. அவளோ திரையை அணைத்துவிட்டு, பையிலிருந்து துணியை எடுத்தாள். எந்தக் கடைக்குப் போனாலும் திரையைப் பளபளவென்று துடைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். அது அவளுடைய சுத்தம்.

“துடைக்காத!” நோண்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “தட்டித் தட்டிப் பாத்தாங்கன்னாரே, எதத் தட்டினாங்க?”

அழ வேண்டிய நேரத்தில் அவளுக்கு ஆவல் முந்திக்கொண்டது. செல்போன் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாள். கறுத்துக் கிடந்த கண்ணாடியில் பகல் முழுக்க விழுந்த விரல் தடங்கள் எழுந்து வந்தன. புள்ளிகள் இருந்த இடங்களில் ஒன்றிரண்டுதான். கீழே, சக்கரங்கள் இருந்த இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக எண்ணெய்ப் பிசுக்கு அப்பிக் கிடந்தது.

“அங்க நான் புள்ளியே வைக்கலையே!”

“நான் கடைசிப் பக்கத்துலல்ல வெச்சேன்,” என்றாள் அக்கா, மெல்ல.

சக்கரத்தில் அப்படி என்ன இருக்கிறது? பிரேக்கைத் தேடியிருப்பார்கள் என்றார் மேலாளர். நோண்டிக்கு மனம் ஒப்பவில்லை. திரையைப் போட்டு அக்காவை அதன் முன்னால் தள்ளினாள்.

“யோசிக்காத. கட்டில் வீட்டுக்கு வந்து எறங்கியிருக்கு. மொதல்ல எங்க கை வைப்ப?”

அக்காவின் விரல் நேராகக் கீழே போய்ச் சக்கரத்தில் நின்றது. நின்ற விரல் எழவில்லை.

“ஏன்க்கா?”

“உருட்டி உள்ள கொண்டு போகணும்ல? அன்னிக்கு ரூம் வாசல்ல நுழையலையேடி.”

அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படுக்கையில் விழுந்த அப்பாவுக்கு முன்பு வாங்கிய கட்டில் கூடத்தோடு நின்றுவிட்டது. கதவைக் கழற்றியும் உள்ளே போகவில்லை. வருகிறவர் போகிறவர் நடுவே, ஒரு சேலைத் திரைக்குப் பின்னால், கடைசி மாதங்களை அவர் கழித்தார். “என் ஜன்னல்லேர்ந்து பாத்தா மழ தெரியும்,” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அத்தனையும் கூடவே இருந்து பார்த்த பெண்களில் ஒருத்தி சக்கரத்தைக் கடைசிப் பக்கத்தில் வைத்தாள், இன்னொருத்தி அங்கே புள்ளியே வைக்கவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார்கள்.

இப்போது கடைக்கு வந்திருக்கும் கட்டிலை இரண்டாகக் கழற்றி மாட்டலாம். விளக்கக் கையேட்டில் எங்கோ ஓரத்தில் கிடந்த செய்தி அது. மறுநாள் முழுக்க உட்கார்ந்து புதிதாகச் செய்தார்கள். திரை திறந்ததும் ஒரு வாசல், வெளியே கூடத்தில் ஒரு கட்டில், உள்ளே அறையில் ஒரு ஜன்னல். தன் வீட்டு வாசலின் அகலத்தைச் சொல்லிவிட்டு, கட்டிலை விரலால் இழுத்து உள்ளே கொண்டுபோக வேண்டும். இடித்தால் கட்டில் இரண்டாகப் பிரியும், உள்ளே போய்ச் சேர்ந்துகொள்ளும்.

“உள்ள போனப்புறம் உன் ‘அடுத்து’ இருக்கட்டும்க்கா. அதுக்கு முன்னாடி யாரும் கத கேக்க மாட்டாங்க.” அக்கா சரியென்று எழுத உட்கார்ந்துவிட்டாள். சண்டை போடாமல் ஒப்புக்கொண்டதே நோண்டிக்குப் பயமாக இருந்தது, போக முடிவு செய்துவிட்டாளோ என்று.

அடுத்த நாள் புது டெமோ கடையில் ஓடியது. சாயங்காலம் இருவரும் போனபோது மேலாளர் கடை வாசலுக்கே வந்து நின்றார். முகமெல்லாம் பல். “நம்பர் வந்துட்டே இருக்கும்மா!”

அக்கா திரையை அணைத்தாள். பழக்கத்தில் துணியை எடுத்தவள் தானாகவே நிறுத்தி, “லைட்ட அடி,” என்றாள்.

கூடத்திலிருந்து அறைக்குள் ஒரே ஒரு நீண்ட தடம் போயிற்று. விரல்மேல் விரலாக, வாசலைத் தாண்டி, ஜன்னலோரம் வரை.

“எத்தன பேரு அப்பாவ உள்ள கொண்டு போயிருக்காங்க பாருடி,” என்றாள் அக்கா. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

நோண்டிக்கும் கண்ணீர் கண்ணை மறைத்தது. ஆனாலும் அவள் நோண்டியாயிற்றே, கேட்காமல் இருக்க முடியுமா?

“அந்த வேலைக்கு என்ன சொல்லப் போற?”

“வரலைன்னு மத்தியானமே சொல்லிட்டேன். நீ லைட்ட ஆட்டாமப் பிடி.”