செத்த குதிரைக்குக் கொள்ளு

ஜட்கா வண்டிக்காரர் மைதீன் பிச்சையின் குதிரை 1958ஆம் வருடம், ஆடிக்காற்று அடித்த ஒரு காலையில் செத்தது. அன்று மாலை வழக்கம்போல் கொள்ளுத் தின்றது. திண்டுக்கல் நாகல் நகரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊருக்கு வெளியே குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்த பிச்சை, கைப்பழக்கத்தில், காலையில் ஊறப்போட்ட கொள்ளை வாளியோடு கொட்டகையில் வைத்தார். மெல்லும் சத்தம் கேட்டது. பார்த்தால் வாளி காலி. முளையில் கட்டிய கயிறு விறைப்பாக நின்றது. "செத்தும் வயிறு அடங்கலியா ஒனக்கு?" என்று திட்டிவிட்டு மறுநாளைக்கும் ஊறப்போட்டார். வேறென்ன செய்வார்?

அது அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய குதிரை. முதுகில் பாடைச் சுழி. அந்தச் சுழியுள்ள குதிரை நிற்கிற வீட்டில் பிணம் விழும் என்று ஒருவரும் கிட்டே வரவில்லை, அதனால் விலை சல்லிசு. "நமக்கேது சுழியும் கிழியும்" என்று பிச்சை பிடித்துக்கொண்டு வந்தார். அந்த வருடமே அவர் மனைவி காதர் பீவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். வித்துத் தொலையுங்கள் என்றார்கள் மற்ற ஜட்காக்காரர்கள். சேணம் போட்டால் சுழி மறைந்துவிடும், ரெட்டியார்சத்திரத்து ஆள் ஒருவர் வாங்கவும் வந்தார். பிச்சையோ சேணத்தைத் தூக்கிச் சுழியைக் காட்டி, "என் வீட்ல விழுந்தது போதும்" என்று அனுப்பிவிட்டார். பிழைக்கத் தெரியாத மனுஷர்! நத்தத்தில் கட்டிக்கொடுத்த மகள் ஆரிபா, "அம்மாவத் தின்ன குதிரைய வச்சிருக்கிற வரைக்கும் நான் அங்க வர மாட்டேன்த்தா" என்று தகப்பனிடம் சொல்லிவிட்டாள். பெருநாளுக்குக்கூட வரவில்லை.

உயிரோடு இருந்தபோது ஸ்டேஷன் சவாரியில் அது தன் தீனியைத் தானே சம்பாதித்தது. செத்த பிறகு வண்டியில் பூட்டினால் ஏர்க்கால் பொத்தென்று கீழே விழுந்தது. வாய் மட்டும் ஓயவில்லை. வெங்காய மண்டியில் மூட்டை தூக்கிப் பிச்சை புல்லும் கொள்ளும் வாங்கினார். லத்தி போடாததால் அதை அள்ளுகிற வேலை ஒன்றுதான் மிச்சம். லாடக்காரர் சடையாண்டி காற்றில் கைவிட்டுக் குளம்பைப் பிடித்து மடக்கி லாடம் அடித்தார். "இன்னமும் உதைக்குதுண்ணே" என்று தொடையைத் தேய்த்துக்கொண்டு, முழுக் கூலியும் வாங்கிக்கொண்டு போனார்.

வருடங்கள் ஓடின. பஸ்கள் வந்தன, ஜட்காக்கள் விறகாயின. பிச்சை வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டதைக் கேட்டு மனசு கேட்காமல் ஆரிபா வந்தாள். "அதான் செத்துப்போச்சேத்தா. விட்டுட்டு வாங்க. பேரன் மொகத்தப் பாக்க வேணாமா?" பிச்சைக்கு ஆசை நெஞ்சை முட்டியது. சட்டையெல்லாம் மடித்து வைத்துவிட்டார். வாசலில் கால் வைக்கும்போது கொட்டகையில் கனைத்தது.

"பட்டினி போட்டுட்டு எப்பிடிம்மா வர்றது? வாங்குனவன் நான்தானே."

ஆரிபா பஸ் ஏறிப் போய்விட்டாள். அன்று மாலை பிச்சை கொட்டகையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஆறுதலாக நாலு வார்த்தை குதிரையிடமாவது பேசலாம் என்றால், அதன் முகம் எந்தப் பக்கம் இருக்கிறதென்று தெரியவில்லை.

1967இல் அவர் இறந்தார். மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து எல்லோரும் போன பிறகு ஆரிபா வீட்டைப் பூட்டினாள். கனைப்புக் கேட்டது. "அம்மாவத் தின்ன. அத்தாவ என்கிட்ட விடாம வச்சுக்கிட்ட. இன்னும் என்ன வேணும் ஒனக்கு?" என்று கத்தினாள். அழுதாள். மறுபடியும் கனைப்பு, பசித்த கனைப்பு. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பூட்டைத் திறந்து, கொள்ளைத் தேடி எடுத்து ஊறவைத்தாள்.

அது தின்று முடித்ததும் கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்தாள். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்களே. நத்தம் சாலையில் நடந்தே போனாள். கயிறு விறைத்தபடி பின்னால் வந்தது. எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர்கள் குதிரைக்கும் சேர்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். நத்தத்தில் புல் கொஞ்சம் விலை கூடுதல்தான், வாங்கிப் போடுகிறாள்.