கட்டை அவிழ்க்கும் உரிமம்

விசாரணை முடியும் பன்னிரண்டு மணிக்குள் வீடியோ ஓடாவிட்டால் அக்காவுக்கு வேலை போகும். கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். ரேக்கை இடித்துச் சாய்த்தாள் என்பது புகார்.

"இடிக்கறதா இருந்தா சூப்பர்வைசரையில்ல இடிச்சிருப்பேன்," என்றாள், துணைக்குப் போயிருந்த என் காதில்.

"வாயை மூடுக்கா."

கேமரா பதிவு, சீல் வைத்த பென்டிரைவில், சுருக்கிக் கட்டிய ஒரே ரார் கோப்பாக வந்திருந்தது. விசாரணை அறையில் இருந்தது லினக்ஸ் கணினி. அதைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் மேடம் கோப்பைப் பிரித்தார். வீடியோவின் பெயர் வந்தது. அளவு பூஜ்யம்.

"காலி," என்று விசாரணை அதிகாரி எழுதிக்கொண்டார்.

"அப்படி எழுதாதீங்க சார்," என்றேன். "காலி இல்ல, இன்னும் பிரியலை. இதுல இருக்கற கருவிக்குப் பழைய ரார்தான் தெரியும். புதுசைப் பிரிக்கற கருவி வேற."

"அது யாரும் எடுத்து மாத்திக்கற கட்டற்ற மென்பொருள் இல்ல," என்றார் மேடம். "இங்க கட்டற்றது மட்டும்தான். விதி."

"என் லேப்டாப்ல பிரிச்சுத் தரவா?"

"உங்க லேப்டாப்ல போய் வந்த ஆதாரமா? எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா?"

பதினொன்று நாற்பது. அக்கா நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள்.

"கட்டற்றதை வெச்சு ஒரு கட்டை அவிழ்க்க முடியலை," என்றார் அதிகாரி. யாரும் சிரிக்கவில்லை. "அந்த இன்னொரு கருவியோட உரிமத்துல என்னதான் இருக்கு? படிங்க."

மேடம் தேடி எடுத்துப் படித்தார். யாரும் காசில்லாமல் பிரிக்கலாம். அதன் நிரலைப் பார்த்து, ரார் கட்டும் மென்பொருள் எழுதத்தான் கூடாது.

"இங்க யாராவது எழுதப் போறீங்களா?"

"நான் காலேஜே முடிக்கலை சார்," என்றேன்.

"விதிவிலக்குன்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

நிறுவ ஏழு நிமிடம். கோப்பு பிரிந்தது. திறந்தால் கறுப்புத் திரை: வீடியோவைப் படமாக்கிக் காட்டும் கோடெக் இல்லை. காப்புரிமைத் தொல்லை என்று அதையும் இந்த லினக்ஸ் தொகுப்பில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். பதினொன்று ஐம்பத்து நான்கு. நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் அதை நிறுவத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"இதுக்கும் சேர்த்துக் கையெழுத்து, சார்."

படம் ஓடியது. அக்காவின் வண்டி வருகிறது. ரேக்கிலிருந்து இரண்டு ஆள் தூரத்தில் நிற்கிறது. அதற்குப் பிறகுதான் ரேக்கின் கால் மடங்குகிறது.

அதிகாரி தான் எழுதிய 'காலி' என்பதை அடித்தார்.

"மறுபடி போடுங்க," என்றார். "பன்னிரண்டுக்குள்ள ஓடிச்சுன்னு மணியையும் குறிச்சுக்கங்க."