கூட்டிச் சொன்ன வரி

1
இந்தக் கதை என் அக்கா மகளுடையது. சும்மா தரவில்லை. பெயர் போடக் கூடாது, அழுமூஞ்சியாகக் காட்டக் கூடாது என்று நிபந்தனைகள். அழுததற்கு ஒரு வரியாவது கொடு என்றேன். அரை வரிக்கு இறங்கி வந்தாள். வீட்டில் அவளை ‘வக்கீல்’ என்போம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சுருட்டி வைத்த திரைத்துணிகளுக்கு நடுவே ஒரு சிறுமி உலகத்தின் மகத்தான உண்மையை…’

(வேண்டாம். இந்த விலைக்கு நீங்கள் வாங்க மாட்டீர்கள்.)

2
பள்ளியில் ‘எங்கள் வீட்டுத் தொழில்’ பற்றிக் கட்டுரை; வக்கீல் வீட்டில் திரைத்துணிக் கடை. எழுதுமுன் திட்டம் காட்ட வேண்டும்: மையக் கருத்து, ஆதாரம், முடிவு. டீச்சர் சரி என்றால்தான் எழுதலாம். பிறகு பெற்றோர் கூட்டத்தில் வாசிக்க வேண்டும்.

வக்கீலின் மையக் கருத்து: ‘என் அப்பா கடையில் சொல்லும் முதல் விலை பொய்.’

அவள் அப்படி நினைக்கவில்லை.* பேரத்துக்காகக் கூட்டிச் சொன்னாள், அவ்வளவுதான். டீச்சர் குறைக்கச் சொல்வார், இவள் முகத்தைச் சுளித்து, “சரி, உங்களுக்காக” என்று இறங்குவாள். எங்கள் குடும்பத்தில் காய்ச்சலைக்கூட டாக்டரிடம் கூட்டித்தான் சொல்வோம்.

டீச்சர் படித்தார். “துணிச்சலா இருக்கும்மா. இதையே எழுது.”

முதல் விலைக்கே வாங்கிக்கொண்டு போய்விட்டார்!

* பின்னே என்னதான் நினைத்தாய் என்று கேட்டேன். “அதை டீச்சர் பேசிப் பேசி வெளிய எடுப்பாங்கன்னு இருந்தேன் மாமா,” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. (அரை வரி முடிந்தது.)

3
டீச்சரைக் கொடுமைக்காரி ஆக்கினால் கதை நன்றாகப் போகும். ஆனால் அவர் நல்லவராகவே இருந்து தொலைக்கிறார். மறுநாள் வக்கீல் கருத்தை மாற்ற வேண்டும் என்று போய் நின்றதும், “மாத்திக்கோ. ஆனா புது கருத்துக்கு ஆதாரம் வேணும். அப்பாகிட்டயே கேளேன்,” என்றார்.

4
வக்கீலின் அப்பா, அதாவது என் அத்தான், கடையில் திரைத்துணி அளந்துகொண்டிருந்தார்.

“அப்பா, நீங்க சொல்ற முதல் விலை பொய்யா?”

“உங்க மாமாகிட்ட கேளு. பொய் எழுதிப் பொழைக்கிறவன் அவன்தான்.”

(இதை வெட்டிவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.)

“மழுப்பாதீங்கப்பா. கட்டுரைக்கு வேணும்.”

“என்ன எழுதியிருக்க? காட்டு.”

தாளை நீட்டினாள். அத்தான் படித்தார். இன்னொரு முறை படித்தார். துணியை மடிப்பதுபோல் ஓரம் பார்த்து மடித்தார்.

“டீச்சர் கொஞ்சம்கூடக் கொறைக்கலையா?”

“இல்லப்பா.”

“அடப் பாவமே.” குரலில் நிஜமான அனுதாபம். பிறகு, “என்னைக் கேட்டியே. இப்ப நீ சொல்லு. நீ எழுதினது பொய்யா?”

வக்கீல் வாயைத் திறந்தாள். அதற்குள் ஒரு வாடிக்கையாளர் படியேற, அத்தான் முகம் மலர்ந்து…

5
முடிவு ஒன்று: கூட்டத்தில் பழைய வரியையே வாசிக்கிறாள்; அத்தான் முதல் ஆளாகக் கைதட்டுகிறார். முடிவு இரண்டு: அத்தான் கடையைக்கூடப் பூட்டாமல் கூட்டத்துக்கு ஓடி வந்து…

இரண்டையும் வக்கீலிடம் காட்டினேன்.

“ரொம்பக் கூட்டிட்டீங்க மாமா.”

“எவ்வளவு இறங்கணும்?”

தன் திட்டத்தை விரித்தாள். ‘பொய்’ இருந்த இடத்தை ரப்பரால் அழித்து அழித்துத் தாள் மெலிந்திருந்தது. ‘என் அப்பா கடையில் சொல்லும் முதல் விலை’ வரைக்கும் அப்படியே இருந்தது. நாளைக்குக் கூட்டம். அத்தான் சட்டை தேய்க்கக் கொடுத்துவிட்டார்.

மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள். சொன்னவுடன் வாங்கிக்கொள்ள நான் டீச்சர் இல்லை. உட்காருங்கள், பேசுவோம்.